வேட்பாளர் உயிரோடுதான் இருக்கிறார்

ஜனவரி 30, வெள்ளி

எங்கள் ஏழாவது வார்டை இந்தத் தடவையும் பெண்களுக்கே ஒதுக்கிவிட்டார்கள். பேரூராட்சி அலுவலகச் சுவரில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். பெண்கள் என்றுதான் இருக்கிறது.

இந்தத் தேர்தலுக்காகவே இத்தனை வருடம் உழைத்தவன் நான். ஃபேஸ்புக்கில் ‘கரட்டுப்புதூர் மின்னல்’ என்ற செய்திப் பக்கத்தை நடத்துகிறேன். ஊரில் யார் வீட்டு நாய் குரைத்தாலும் முதலில் செய்தி போடுவது மின்னல்தான். பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். கரட்டுப்புதூரின் ஜனத்தொகையே ஒன்பதாயிரம்தான் என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன். அப்படிப்பட்டவனை ஆண் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டார்கள்.

மதியம் வரை செல்ஃபோன் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். சாப்பிட வீட்டுக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. என் மனைவி சாந்தாமணி இட்லி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்க மாவு விற்பவள். சங்கதியைச் சொன்னேன்.

“நானா? எனக்கென்னுங்க தெரியும் அரசியலு?” என்றாள், கிரைண்டரை நிறுத்தாமலே.

“உனக்கு ஒண்ணுமே தெரிய வேண்டாம் சாந்தா. பேரு மட்டும் உன்றது. வேலையெல்லாம் என்றது.”

“செயிச்சுட்டா?”

“செயிச்சாலும் அப்படியேதான்.”

கிரைண்டரை நிறுத்தினாள். “கீழவீதிச் சாக்கடையச் சரி பண்ண முடியுமுங்களா? மழை பேஞ்சா அத்தனை வீட்டுக்குள்ளயும் தண்ணி பூந்துருது.”

“அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்பச் சரிங்க,” என்றாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். சென்னியப்பனின் அரசியல் பயணம் என்று பிற்காலத்தில் யாராவது எழுத வந்தால் தகவலுக்குத் திண்டாடக் கூடாது.

பிப்ரவரி 4, புதன்

மனுத்தாக்கல் முடிந்தது. அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். “வேட்பாளர் சொல்லட்டுங்க” என்றார். மறுபடியும் நான் சொன்னேன். “நீங்க கொஞ்சம் வெளியில இருக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டார். அதிகார மமதை. நாளைக்கு என் கையெழுத்துக்கு... சாந்தாவின் கையெழுத்துக்குக் காத்திருக்கத்தானே போகிறார், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

எதிர்த்து நிற்பது இப்போதைய உறுப்பினர் கோகிலவாணி. பெரிய கட்சி. அந்தம்மாவை யாரும் மெம்பர் என்று கூப்பிடுவதில்லை. அவர் வீட்டுக்காரர், கேபிள் டிவி கந்தவேலைத்தான் மெம்பர் என்பார்கள். கூட்டத்தில் மனைவிக்குப் பின்னால் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாம் அவர்தான் பேசுவார். பெண் உறுப்பினர்களின் கணவர்மார் எல்லாருக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. இந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியதே அந்த நாற்காலிதான்.

பிப்ரவரி 7, சனி

சின்னம் ஒதுக்கிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்! எங்கள் வார்டில் குழாயில் தண்ணீர் வந்தால் அது மின்னலில் தலைப்புச் செய்தி. வேறு சின்னம் கேட்டு எவ்வளவோ வாதாடினேன்.

“உடுங்க மாமா, நல்லதுதான்,” என்றாள் சாந்தா. “தெனமும் வெறுங் கொழாயத் தொறந்து பாக்கறப்பவெல்லாம் சனத்துக்கு நம்ம நெனப்பு வருமில்ல?”

அரசியல் தெரியாத பெண். பாவம்.

பிப்ரவரி 9, திங்கள்

மின்னலில் கருத்துக்கணிப்பு வைத்தேன். சாந்தாமணிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! கீழே வாழ்த்துகள் குவிகின்றன. திருப்பூர், ஓசூர், சிங்கப்பூர், மஸ்கட்.

சந்தோஷமாகக் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இவுங்களுக்கெல்லாம் நம்ம வார்டுல ஓட்டு இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“இது அலை சாந்தா. அலைன்னா உனக்குப் புரியாது.”

“புரியலீங்க,” என்று ஒத்துக்கொண்டு மாவு வாளியை எடுத்துக்கொண்டு கீழவீதிக்குக் கிளம்பினாள். ஒரு வாளி மாவு கொடுக்கப் போனவள் பொழுது சாயத்தான் வந்தாள். வீடு வீடாக உட்கார்ந்து சாக்கடை, ரேஷன் கார்டு, தெருவிளக்கு என்று பேசிக்கொண்டிருந்தாளாம். வேட்பாளர் இப்படி நேரத்தை வீணடிக்கலாமா என்று கண்டித்தேன்.

பிப்ரவரி 11, புதன்

இன்று மின்னலில்: “கோகிலவாணி வீட்டு வாசலில் மர்ம லாரி! உள்ளே இருந்தது என்ன? அதிர்ச்சியில் மக்கள்!”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. லாரி நின்றது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது மர்மம்தானே? அதிர்ச்சியடைந்த மக்கள் யார் என்று கேட்டால், நானும் இந்த ஊர் மக்களில் ஒருவன்தான்.

சாந்தா படித்துவிட்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். “ஏனுங்க, அது பக்கத்து வீட்டுக்கு மணல் கொண்டாந்த லாரிங்க. நானே பாத்தனே.”

“உனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதில்ல.”

“தெரிஞ்ச நம்ம சொல்லோணுமா வேண்டாமா?”

“சொல்லிட்டா அப்பறம் அது செய்தியே இல்ல, அம்மிணி.”

விறுவிறுவென்று கிளம்பிப் போய்விட்டாள். சாயங்காலம் விசாரித்தால், கோகிலவாணி வீட்டுக்குப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! வழக்கமாக அங்கேயும் மாவு கொடுக்கிறாளாம். எதிரி வீட்டு இட்லி என் வீட்டு மாவு. இந்தக் கெரகத்தை யாரிடம் சொல்லி அழுவது?

பிப்ரவரி 12, வியாழன்

மர்ம லாரிக்கு நாலாயிரம் லைக்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓட்டுப்பதிவுக்கு இது கடைசி வாரம். மற்றவர்கள் போல மஞ்சளும் சிவப்புமாகப் போட்டால் யார் பார்ப்பார்கள்? சாந்தாவுக்குத் தனித்து நிற்கும் ஒரு படம் வேண்டும் என்று மெனக்கெட்டேன். ஆப்பில் அருமையான டிசைன் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. சுற்றிலும் வெள்ளைப் பூக்கள், கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மங்களகரமாக. நடுவில் வட்டத்துக்குள் சாந்தா. கலரில் போட்டால் அந்தப் பச்சைச் சேலை கண்ணை உறுத்துகிறது என்று கருப்பு வெள்ளையாக்கினேன். என்ன ஒரு கம்பீரம்! கீழே எழுதினேன்: “எளிமையின் சிகரம். அன்பின் வடிவம். என்றும் எங்கள் நெஞ்சில்.” சின்னத்தைச் சேர்க்க இடமில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘வாக்களிப்பீர்’ என்று போட்டேன்.

மின்னலிலும் வார்டு வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். நாளைக் காலை இந்த ஊரே இதைப் பற்றித்தான் பேசும்.

பிப்ரவரி 16, திங்கள்

ஊரே பேசுகிறது.

விடிந்ததும் ஃபோனை எடுத்தால் குரூப்பில் நூற்றுக்கணக்கில் மெசேஜ். முதல் மெசேஜ் மிக்சர் கடை நாச்சிமுத்து: “எங்கள் அன்னபூரணிக்கு ஆழ்ந்த இரங்கல்.” அந்த மனுஷன் கண்ணாடி போடாமல் படத்தை மட்டும் பார்த்துப் பதில் போடுகிறவர். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி, ஈடு செய்ய முடியாத இழப்பு. கும்பிடும் கைகள் மட்டும் ஒரு லாரி லோடு.

நடுவில் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எப்படி ஆச்சுங்க?” ஒருவர்: “மாரடைப்பாம்.” இன்னொருவர்: “இல்லீங்க, கிரைண்டர்ல கரண்ட் அடிச்சிருச்சாம்.” மூன்றாமவர்: “நேத்துக்கூட எங்க ஊட்டுக்கு மாவு குடுத்துச்சே, பாவம்.” மாரடைப்பா கரண்டா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரே ஒருத்தராவது எங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாரா? இல்லை.

சாந்தா என் கையிலிருந்து ஃபோனை வாங்கி நிதானமாகப் படித்தாள். “நாச்சிமுத்தண்ணன் எத்தனை நல்லதா எழுதியிருக்காரு பாருங்க. அன்னபூரணியாம் நானு! மாவு புளிச்சிருச்சுன்னு போன வாரந்தான் சண்டைக்கு வந்தாரு.” பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இதென்னுங்க இது, வெளக்கெல்லாம் வெச்சு? ஆரு போட்டது?”

“மின்னல்ல வந்திருக்குது,” என்றேன்.

“மின்னல்ல ஆரு போட்டது?”

இது கந்தவேலின் சதி. எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவருடைய சதிதான். ஏனென்றால் மதியத்துக்குள் அவருடைய கேபிளில் கீழே வரி ஓடுகிறது: “ஏழாவது வார்டு வேட்பாளர் திடீர் மறைவு. இறந்தவருக்கு விழும் ஓட்டு செல்லாது.”

உடனே சாந்தாவை நிற்க வைத்து வீடியோ எடுத்துப் போட்டேன். “வணக்கமுங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்” என்று சொல்ல வைத்தேன். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுதவே கை கூசுகிறது.

“உதடு ஒட்டலையே. இது ஏஐ.”

“பழைய வீடியோ. சேலையப் பாருங்க, போன பொங்கலுக்கு எடுத்தது.”

“ஓட்டுக்காகச் செத்த பொண்டாட்டியப் பேச வெக்கறானே, இவனெல்லாம் மனுசனா?”

மறுப்புச் செய்தி போட்டேன்: “சாந்தாமணி உயிருடன் இருக்கிறார்! நடந்தது என்ன?” அதற்குப் பன்னிரண்டு லைக். அதில் ஒன்று நான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் பல்லடத்திலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. சாந்தாவின் அண்ணன் மாரப்பன், அவர் சம்சாரம், சித்தப்பா, பெரியம்மா, ஒறம்பரைச் சொந்தத்தில் ஒருத்தர் பாக்கி இல்லை. இறங்கும்போதே ஒப்பாரி. மாரப்பன் மச்சான் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையைத் தோளில் சுமந்துகொண்டு, “அம்மிணீ, என்னைய உட்டுட்டுப் போயிட்டியே” என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

சாந்தா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். “வாங்கண்ணா. அண்ணி, வாங்க. ஏனுங் சித்தப்பா, இந்தக் காலை வெச்சுக்கிட்டு நீங்க ஏன் வந்தீங்க? எல்லாரும் சாப்டீங்களா?”

மாரப்பன் மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா சாந்தாவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். அண்ணி சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே வேலை இருந்ததால் போய்விட்டேன்.

எழவு வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செத்தவளே தோசை சுட்டுப் போட்டாள். எல்லாரும் நன்றாகவே சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் சாந்தா சொன்னாள்: “வந்தது வந்துட்டீங்க. ஊருக்குப் போறதுக்கு மிந்தி வீதிக்கு நாலு பேராப் பிரிஞ்சு போயி, நான் உசுரோட இருக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. ஃபோன்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

மாலைதான் சிக்கலாகிவிட்டது. “செத்தவளுக்குன்னு வாங்குனது. உசுரோட இருக்கறவ கழுத்துல போடப்படாது,” என்றார் அண்ணி. வீசவும் மனசில்லை, விலை கொடுத்து வாங்கியது.

“கீழவீதி முக்குக் கொழாய்க்குப் போட்டுருங்க அண்ணா,” என்றாள் சாந்தா. “அதுதான் செத்துப்போயி ஒரு மாசமாச்சு.”

போட்டேவிட்டார்கள்! கழுத்து நிறைய மாலையோடு குழாய். சுற்றிலும் பல்லடத்துச் சொந்தங்கள். அதைப் பார்த்துக் கீழவீதிப் பெண்களும் வந்து நின்று, யாரோ ஒப்பாரியே வைத்திருக்கிறார்கள். என் பெண்டாட்டி சாவுக்குத் தயார் செய்துகொண்டு வந்த ஒப்பாரி, குழாய்க்குப் பயன்பட்டது. வேட்பாளரின் கண்ணியத்துக்கு இது குறைவு என்பதால் மின்னலில் போட மறுத்துவிட்டேன்.

யாரோ போட்டுவிட்டார்கள். மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. அதுவும் எங்கள் சின்னம்.

பிப்ரவரி 18, புதன்

இன்று சாந்தா வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றாள், ஆனாலும் போனேன்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண் அவளைப் பார்த்தாள், கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். “செத்துட்டீங்கன்னு போட்டிருந்தாங்களே அக்கா?”

“நானே வந்து நிக்கறேன், இன்னும் அதைய எதுக்குக் கண்ணு பாக்கற?”

“இல்லீங்கக்கா, மின்னல்ல வந்துதே.”

இத்தனை வருடமாக மின்னல் சொன்னால் நம்பு என்று இந்த ஜனங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பெருமைப்படுவதா என்ன செய்வதா என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லா வீட்டிலும் தொட்டுப் பார்க்கிறார்கள். காப்பி கொடுக்கிறார்கள். ஆழ்ந்த இரங்கல் போட்டவர்கள் குற்ற உணர்ச்சியில் பலகாரமும் கொடுக்கிறார்கள். நாச்சிமுத்து ஒரு கிலோ மிக்சரைக் கட்டிக் கொடுத்து, “தெரியாமப் போட்டுட்டேன் தங்கச்சி, மன்னிச்சுக்க” என்றார். அதையெல்லாம் சிரித்து வாங்கிக்கொண்டு, சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று உட்கார்ந்து கேட்கிறாள். நான் பக்கத்தில் நின்றேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கோகிலவாணி வீட்டுக்கும் போனாள். அந்தம்மா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். “திங்கக்கிழமை பூராச் சோறு எறங்கல சாந்தா,” என்றார். உள்ளேயிருந்து கந்தவேல் எட்டிப் பார்த்தார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டோம்.

பிப்ரவரி 19, வியாழன்

சாயங்காலத்தோடு பிரச்சாரம் முடிந்தது. சாந்தாவின் காலில் கொப்புளம். நான் தைலம் தேய்த்துவிட்டேன். இதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

ஓட்டுப்பதிவு. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு உழைத்த நாள் கிடையாது.

விடிந்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, போலீஸ் காட்டிய கோட்டுக்கு இப்பால் நின்று மின்னலில் நேரலை. “ஓட்டுப் போடாதவனுக்கு இந்த நாட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?” என்று நான் கேட்ட கேள்வி மட்டும் அறுநூறு பேரால் பகிரப்பட்டது. ‘மை வைத்த விரலோடு செல்ஃபி’ என்று ஒரு போட்டி. வந்து குவிகின்றன. நடக்க முடியாத இரண்டு பேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். தூங்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவை எழுப்பிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினேன்.

சாந்தா மதியமும் சாயங்காலமும் ஃபோன் செய்தாள். நேரலை ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவையும் கட் பண்ணிவிட்டேன். மூன்றாவதாக, “நீங்க போயிட்டு வந்துட்டீங்களா?” என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். எங்கே போவது? காலையிலிருந்து இங்கேதானே இருக்கிறேன்?

கேட்டைச் சாத்துவதையும் நேரலையில் காட்டிவிட்டு வீடு வந்தேன். ஒரே அசதி. எதையோ மறந்துவிட்ட மாதிரி மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டேனோ என்னவோ.

பிப்ரவரி 22, ஞாயிறு

சார்ஜர் பையிலேயேதான் இருக்கிறது. பல் துலக்கும்போது இடது கையைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. இடது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

ஏழாவது வார்டு சீக்கிரமே வந்துவிட்டது. கோகிலவாணி 304. சாந்தாமணி 304.

மறுபடி எண்ணினார்கள். 304, 304. தபால் ஓட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் வார்டுக்கு ஒன்றும் இல்லை.

வெளியே கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. “ஒரே ஒரு ஓட்டுங்க!” என்று நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். “நம்மாளுக எத்தனை பேரு சோம்பேறித்தனமா ஊட்டுலயே கெடந்தானுகளோ. அதுல ஒருத்தன் வந்திருந்தாப் போதுமே! அவனெல்லாம் நல்லா இருப்பானா?”

“இருக்கவே மாட்டான்,” என்றேன், எல்லாரையும் விடச் சத்தமாக.

ஓட்டு சமமானால் குலுக்கல்தானாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறதாம். அதிகாரி இரண்டு பெயரையும் எழுதி, சீட்டை ஒரே மாதிரி மடித்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். டப்பாவுக்குள் சீட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டார். கந்தவேல் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். சாந்தா மட்டும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. கால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, ஒரு காலைச் சாய்த்துத்தான் நின்றாள். இத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கியவளின் பெயர், என் ஒருத்தனால் ஒரு டப்பாவுக்குள் கிடந்தது. நாற்காலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவள் ஜெயித்தால் போதும் என்று இருக்கிற சாமியை எல்லாம் வேண்டினேன். அந்தச் சீட்டைப் பிரிப்பதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

“சாந்தாமணி,” என்று படித்தார் அதிகாரி.

என்னை யாரோ தூக்கினார்கள், யாரோ இறக்கினார்கள். கந்தவேல், “ஜனநாயகப் படுகொலை!” என்று கத்திக்கொண்டிருந்தார். கோகிலவாணி அவரிடம், “சித்தெ சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு வந்து சாந்தாவின் கையைப் பிடித்தார்.

யூடியூப்காரர்கள் நாலைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். “மெம்பரும் சாரும் சேந்து நில்லுங்க. ரெண்டு பேரும் மை வெச்ச வெரலைத் தூக்கிக் காட்டுங்க!”

பாக்கெட்டிலிருந்து கை வரவில்லை.

சாந்தா என் இடது கையைப் பாக்கெட்டோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். “அவருக்குக் கையில சுளுக்குங்க,” என்றாள், சிரித்த முகத்தோடு.

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே இருக்கலாம். அன்றைக்குச் சோறு போடும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரசம் ஊற்றினாள்.

வீடு வரும் வழியிலும் அதைக் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

மின்னலில் எத்தனையோ பேர் கேட்கிறார்கள், ஓட்டுப் போடாதவர்கள் பட்டியலை வெளியிடுங்கள் என்று. மின்னலுக்குக் கொஞ்ச நாள் விடுமுறை விட்டிருக்கிறேன்.

மர்ம லாரிச் செய்தியை நீக்கிவிட்டேன். சாந்தா சொல்லவில்லை. நானாகத்தான் நீக்கினேன்.

மார்ச் 2, திங்கள்

இன்று பதவி ஏற்பு. அதைத் தொடர்ந்து முதல் கூட்டம்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு என்று தயாரானேன். நாற்காலி வேண்டாம் என்று அன்று வேண்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் சாமி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்காது என்று ஒரு நம்பிக்கை. சுவரோரம் கணவர்மார் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மற்ற வார்டுக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். கந்தவேல் உட்கார்ந்திருந்த இடம் காலி. ஃபேனுக்கு நேர் கீழே.

கதவருகில் சாந்தா நின்றாள். பின்னால் கீழவீதிப் பெண்கள் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்துவும் வந்திருந்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு.

“இவுங்கெல்லாம் எதுக்கு?” என்றேன்.

“செயல் அலுவலர்கிட்டப் பேசிட்டேனுங்க. இன்னைக்குச் சாக்கடை விசயத்தக் கேக்கப் போறேன். எனக்கு ஓட்டுப் போட்டவுங்க ஆரு வேண்ணாலும் உள்ள வந்து உக்காந்து கேக்கட்டும்னு சொல்லியிருக்கறேன்.”

அவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். கணவர்மாரில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்தார்.

கடைசியாக நான் மட்டும் நின்றேன். சாந்தா என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. குரலை உயர்த்தவுமில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“நீங்க வாரீங்களா மாமா?”

கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. “இல்ல சாந்தா. கடையில ஆளில்ல,” என்றேன்.

“சரிங்க,” என்று உள்ளே போனாள்.

கடைக்குப் போகவில்லை. வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அவள் பேசினாள். எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த முக்கில் அடைக்கிறது, எத்தனை தடவை மனுக் கொடுத்தும் யாரும் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் யாரோ குறுக்கிட்டபோது, “நான் முடிச்சுக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபோனை எடுத்து நேரலை போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போடவில்லை. நின்று கேட்டேன்.

கட்டின பெண்டாட்டிக்கு நான் ஒரு ஓட்டுப் போட்டிருக்கலாம். அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அன்றைக்கு ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.